சுவரில் தெரிவதெல்லாம் பூசணம் அல்ல: பெயிண்ட் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு

ஓசூர்ப் பக்கம் ஆடிக் காற்று அடங்கி மழை பிடித்துவிட்டால், தை முடிகிறவரை பெயிண்டர்களுக்கு வரும் போன்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு இதுதான்: "செவுத்துல பூசணம் புடிச்சிருக்கு, வந்து பாருங்க." போய்ப் பார்த்தால் சில வீட்டில் உண்மையாகவே பூசணம். சில வீட்டில் உப்பு. சில வீட்டில் சாமி விளக்குப் புகை. மதில் சுவர் என்றால் பெரும்பாலும் பாசி. எது என்று பார்க்காமல் சுரண்டி, பட்டி பார்த்து, மேலே ஒரு கோட்டிங் அடித்துவிட்டு வருகிற பழக்கம் நம் தொழிலில் இருக்கிறது. அடுத்த மழைக்குக் கறை அப்படியே திரும்பி வரும். குடியிருப்பவருக்கு அட்வான்ஸில் பிடித்தம், வீட்டுக்காரருக்கு இரண்டாவது கூலி, வீட்டில் சின்னப்பிள்ளை இருந்தால் அதற்கு ஓயாத இருமல். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் பிரஷ்ஷைத் தொடுவதற்கு முன்னால் கண்ணைப் பழக்கிக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதி வைக்கிறேன்.

1. கறைக்குப் பெயர் சொல்வதற்கு முன்னால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்குள் நின்றுவிட்டால் அது பெரும்பாலும் தரை ஓதம். மேல் மூலையில் வட்டமாகப் படர்ந்து ஓரத்தில் பழுப்புக் கோடு இருந்தால் மொட்டைமாடிக் கசிவு. சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை இருந்தால் பைப்பைப் பாருங்கள். பீரோவுக்குப் பின்னால், வெளிச்சுவரின் மூலையில், கட்டில் தலைமாட்டில் மட்டும் கறை இருந்தால் அறைக் காற்றின் ஈரமே சுவரில் படிகிறது. இந்த நான்கையும் பிரித்துப் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. தண்ணீரே வர வழியில்லாத, காய்ந்த, வெயில் படுகிற சுவரில் கறுப்பு தெரிந்தால் அது பூசணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பூசணத்துக்கு முதல் தேவை ஈரம். சாப்பாடு அதற்கு எங்கும் கிடைத்துவிடும். பெயிண்டில், தூசியில், அட்டையில், மரத்தில்.

2. வெள்ளையாகப் பொங்கி நிற்பதைப் பார்த்ததும் பூசணம் என்று சொல்லிவிடாதீர்கள். நம் ஊரில் வெள்ளை என்றால் முதல் சந்தேகம் உப்பு மேல்தான் வர வேண்டும். செங்கல்லிலும் மணலிலும் சிமெண்ட்டிலும் கரையும் உப்புகள் இருக்கின்றன. கியூரிங்குக்கு ஊற்றிய போர் தண்ணீரிலும் இருக்கின்றன. சுவருக்குள் போன ஈரம் வெளியே வரும்போது உப்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. தண்ணீர் காற்றில் போய்விட, உப்பு சுவர் மேல் தங்கிவிடுகிறது. சிமெண்ட்டிலிருந்து வருகிற சுண்ணாம்புச் சத்தும் இப்படித்தான் வெளியே வந்து, காற்றில் உள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து வெள்ளைப் படலமாக இறுகுகிறது.

பார்த்துப் பிரிக்க ஒரு பூதக்கண்ணாடி போதும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். உப்பு ஊசி ஊசியாக, பொடிப்பொடியாக மின்னும். பூசணம் மின்னாது. மெல்லிய நூல் பின்னிக்கிடக்கும், நடுவில் அடர்ந்து ஓரத்தில் மங்கும். அடுத்து ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் அடியுங்கள். உப்பாக இருந்தால் கண்ணெதிரே கரைந்து மறையும், சுவர் காய்ந்ததும் திரும்ப வெளுக்கும். பூசணம் நனைந்து படியுமே தவிர மறையாது. கையுறை போட்ட விரலால் நசுக்கினால் உப்பு நறநறவென்று உடையும், பூசணம் ஈஷிக்கொள்ளும். நாக்கில் வைத்துப் பார்க்கிற பழைய மேஸ்திரிகள் உண்டு. நீங்கள் அதைச் செய்ய வேண்டாம்.

இறுகிப்போன படலத்தின் மேல் வினிகர் ஒரு சொட்டு விட்டால் நுரைத்துப் பொங்கும். பொங்கினால் அது சுண்ணாம்புப் படிவு. பொங்காவிட்டால் பூசணம் என்று அர்த்தமில்லை. வினிகருக்குப் பொங்காத உப்புகளும் உண்டு.

இன்னொன்று. உப்பு செங்கல், பூச்சு, காங்கிரீட், கல் இவற்றில்தான் பூக்கும். மரக்கதவில், திரைச்சீலையில், பெல்ட்டில், பாயில் வெள்ளை படர்ந்தால் அங்கே உப்புக் கணக்கு செல்லாது.

3. உப்பு மூச்சுக்குக் கேடு செய்யாது. ஆனால் சுவருக்குள் தண்ணீர் நடமாடுகிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. "வெறும் உப்புதாங்க" என்று வீட்டுக்காரரைச் சமாதானப்படுத்திவிட்டு வராதீர்கள். இன்று உப்பு பூத்த அதே ஈரத்தில், பெயிண்ட் அடித்து அலமாரி வைத்த பிறகு, பூசணம் வரும். உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது, கழுவினால் கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போகும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, உதிர்ந்த பொடியைக் கூட்டி எடுத்து வெளியே கொட்டுங்கள். ஈரம் நிற்கிறவரை பட்டி வேண்டாம். கிரகப்பிரவேசத்துக்குத் தேதி குறித்துவிட்டோம் என்பார்கள். புதுச் சுவர் காய எடுக்கிற நாளைப் பஞ்சாங்கம் பார்த்துக் குறைக்க முடியாது என்று பணிவாகச் சொல்லுங்கள்.

வீடு கட்டப்போகிறவர் கேட்டால் இதையும் சொல்லிக்கொடுங்கள். செங்கல் எவ்வளவு உப்புக் கக்கும் என்று முன்கூட்டியே பார்க்க இந்தியத் தர நிர்ணயத்தில் ஒரு சோதனை இருக்கிறது, ஐ.எஸ். 3495. 25 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கிற தட்டில் செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்திவிட வேண்டும். தண்ணீர் முழுதும் செங்கல்லில் ஏறிக் காய்ந்த பிறகு இன்னொரு முறை அதேபோல் செய்ய வேண்டும். மேற்பரப்பில் பத்து சதவீதத்துக்குள் வெளுத்தால் லேசானது, ஐம்பது வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. பொடியாக உதிரவே ஆரம்பித்தால் அந்தச் சூளைக் கல் வேண்டவே வேண்டாம். மாலூர்ப் பக்கத்திலிருந்து லோடு இறக்குகிறவர்கள் முதல் லோடில் நாலு கல்லை இப்படித் தட்டில் நிறுத்திப் பார்க்கலாம். செலவு ஒன்றும் இல்லை.

4. ஓசூரையும் கிருஷ்ணகிரியையும் ஒன்றாக நினைக்காதீர்கள். ஓசூர் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் மேலே இருக்கிறது. மார்கழி ராத்திரியில் வெளிச்சுவர் சில்லிட்டுக் கிடக்கும். கிருஷ்ணகிரிக்கு இறங்கினால் அந்தக் குளிர் இல்லை. அதனால் கூரையும் பைப்பும் எல்லாம் சரியாக இருக்கிற ஓசூர் வீட்டிலும் பூசணம் வரும். சிப்காட்டைச் சுற்றி, மூக்கண்டப்பள்ளியிலும் ஜூஜூவாடியிலும், லைன் வீட்டு ஒற்றை அறையில் நாலைந்து பேர் ஷிஃப்ட் மாற்றி மாற்றிப் படுக்கிறார்கள். அங்கேயே சமையல், அங்கேயே கொடி கட்டித் துணி காயப்போடுவது. குளிருக்கும் கொசுவுக்கும் பயந்து ஜன்னல் திறப்பதில்லை. மூச்சு, குக்கர் ஆவி, எரிகிற கேஸ், ஈரத்துணி எல்லாம் விடுகிற ஈரம் குளிர்ந்த சுவரைத் தேடிப் படிகிறது.

இது காற்றின் ஈரமா, சுவரின் ஈரமா என்று சண்டை வரும்போது இப்படிச் செய்யுங்கள். சமையலறை அலுமினியத் தாளில் ஒரு சதுர அடி வெட்டி, சுவரில் வைத்து, நாலு ஓரத்தையும் டேப் போட்டுக் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். ஓரிரு நாள் கழித்துப் பாருங்கள். அறையைப் பார்த்த பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் காற்றின் ஈரம். ஜன்னலும் எக்ஸாஸ்ட் ஃபேனும், பீரோவைச் சுவரிலிருந்து நாலு இஞ்ச் தள்ளிப்போடுவதும்தான் மருந்து. தாளைப் பிரித்தால் சுவரைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது, அதை அடைக்க வேண்டியது வீட்டுக்காரர். வாடகைக்கு வந்த பிள்ளைகள் மேல் பழி போடுவதற்கு முன்னால் இந்தத் தாளை ஒட்டிப் பார்த்துவிடுங்கள் என்று வீட்டுக்காரர்களிடம் நான் எப்போதும் சொல்வேன். நீங்களும் சொல்லுங்கள்.

5. புகைக்கறை. பூஜை அறைக்கு மேலே, கொசுவத்தி வைக்கும் மூலையில், டியூப்லைட் பட்டிக்கு மேல், ஃபேன் சுற்றுகிற இடத்துக் கூரையில் கறுப்பு ஏறியிருந்தால் ஊதுபத்தியையும் சாம்பிராணியையும் நினையுங்கள். காய்ந்த வெள்ளைத் துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் புகை வழுவழுவென்று நீளமாகத் தீற்றிக்கொண்டு வரும். பூசணம் புள்ளி புள்ளியாக இருக்கும், புள்ளிகள் சின்னதும் பெரியதுமாக வட்டமாக வளரும், அருகில் போனால் மக்கிய வாசனை வரும். புகை கோடாகவோ மேகமாகவோ ஒரே சீராகப் படியும். ஒரு எச்சரிக்கை. குளிர்ந்த மூலையில் புகையும் படியும், ஈரமும் படியும். இரண்டும் சேர்ந்தே இருக்கிற மூலைகள் ஓசூரில் நிறைய.

6. வெளிச்சுவர் தனிப்பாடம். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரிலும் சன்ஷேடிலும் மழைநீர் வழிந்த தடத்தில் கறுப்புப் பட்டை பட்டையாக இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அது பெரும்பாலும் பூசணமே அல்ல. வெயிலில் உணவு தயாரிக்கிற நுண்ணுயிர்ப் பாசி, கோடையில் கறுத்துக் காய்ந்து கிடந்து மழைக்கு உயிர்க்கும். பச்சையாக வழுக்கினால் அதுவும் பாசி. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் நட்டுவைத்த கற்பலகை வேலியில் சாம்பலும் வெளிர்ப் பச்சையுமாகப் பொருக்குத் தட்டியிருப்பது பாசியும் பூஞ்சையும் கூடி வாழ்கிற கல்பாசி இனம். பிரியாணிக்குப் போடுகிற கல்பாசியும் அந்த இனத்தைச் சேர்ந்ததுதான். கல்லுக்கும் மனுஷருக்கும் அதனால் தொல்லையில்லை, விட்டுவிடுங்கள். பாசியைத் தேய்த்துக் கழுவலாம். தண்ணீர் வழிகிற வழியைத் திருப்பாவிட்டால் திரும்ப வரும்.

மாமரத்தடிச் சுவரை மட்டும் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் மாம்பழ ஜில்லாவில் வேலை செய்கிறோம். காவேரிப்பட்டணம், சந்தூர்ப் பக்கம் பூப்பூக்கிற காலத்தில் மரத்தடி மதில், கார், தண்ணீர்த் தொட்டி எல்லாம் கறுத்துப் பிசுபிசுக்கும். மரத்தில் தத்துப்பூச்சி சாறு உறிஞ்சி இனிப்பு நீரைச் சொட்டுகிறது. அந்த இனிப்பில் கரும்பூசணம் வளர்கிறது. இது நிஜப் பூசணம்தான், ஆனால் இலைக்குள்ளும் சுவருக்குள்ளும் இறங்காமல் மேலே படிந்து கிடப்பது. சோப்புத் தண்ணீரில் போய்விடும். அண்ணாந்து பார்த்து மா இலையின் மேற்புறமும் கறுத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். தோட்டக்காரர் பூச்சியைக் கவனிக்க வேண்டும், உங்கள் பெயிண்ட் அங்கே ஒன்றும் செய்யாது.

7. சின்னச் சின்ன ஏமாற்றுகள். போட்டோ ஃபிரேமுக்குப் பின்னால் வெள்ளைப் பொட்டு வட்டமாக, காகிதம் போல் முழுசாக உரிந்து வந்தால் சிலந்தி முட்டைக் கூடு. கறுப்புத் துணுக்கின் நுனி வெள்ளையாக இருந்தால் பல்லி எச்சம். மண் நிறத்தில் கோடு ஏறி, தட்டினால் பொக்கென்று கேட்டால் கறையான், அதற்கு வேறு ஆள். மர நிலையின் அடியில் மாவு கொட்டிக் கிடந்தால் உளுத்த மரம். குழாய் வாயிலும் டைல்ஸ் இடுக்கிலும் வெள்ளைப் பாறை போல் இருப்பது போர் தண்ணீர் உப்பு. பர்கூரில் கிரானைட் பாலிஷ் பட்டறை பக்கத்தில் இருந்தால் ஜன்னல் ஓர வெள்ளை கல்மாவாக இருக்கலாம். குளியலறை வாளியிலும் சோப்புத் தட்டிலும் இளஞ்சிவப்பாகக் கொழகொழப்பது பாக்டீரியா. தேய்த்துக் கழுவிக் காயவைத்தால் போதும்.

கம்பெனி சேஃப்டி ஷூவில் வெள்ளை படர்ந்தால் ஹேர் டிரையரால் கொஞ்சம் சூடு காட்டுங்கள். தோலில் ஊறிய கொழுப்பும் மெழுகும் வெளியே பூத்தது என்றால் உருகி மறையும். பூசணம் உருகாது.

8. பிளீச் சொட்டுச் சோதனை கடைசியில்தான். சலவைக்கு விற்கிற பிளீச்சைத் தண்ணீரில் கலந்து ஒரு சொட்டு மூலையில் வையுங்கள். ஓரிரு நிமிஷத்தில் கறுப்பு வெளுத்தால் அது உயிருள்ள வகை, பூசணமோ பாசியோ. வெளுக்கவில்லை என்றால் புகையோ அழுக்கோ. வெளுத்தது ஒழிந்தது என்று எண்ணாதீர்கள். நிறம் போனாலும் உடல் அங்கேயே இருக்கும், செத்த பூசணமும் ஒவ்வாமை கொடுக்கும். பூச்சுக்குள் வேர்விட்டதைப் பிளீச் எட்டுவதும் இல்லை.

குளியலறை கழுவுகிற ஆசிட் பாட்டில் அதே வீட்டில் இருக்கும். அதையும் பிளீச்சையும் ஒரே வாளியில், ஒரே சுவரில், ஒன்றன்பின் ஒன்றாகக்கூடச் சேர்க்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது ஆளைச் சாய்த்துவிடும். வினிகரும் அமிலம்தான். வினிகர் சோதித்த இடத்தில் பிளீச் வேண்டாம்.

9. நிறத்தைப் பார்த்து ஜாதகம் சொல்லாதீர்கள். கறுப்பென்றால் விஷம், பச்சையென்றால் சாது என்று ஒரு கணக்கும் கிடையாது. அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரில் 1993, 94ல் கைக்குழந்தைகளுக்கு நுரையீரலில் ரத்தம் கசிந்தபோது ஸ்டாக்கிபோட்ரிஸ் என்ற கறுப்புப் பூசணத்தின் மேல் பழி விழுந்தது. 'விஷக் கறுப்பு' என்ற பேச்சு உலகமெல்லாம் பரவியது அதற்குப் பிறகுதான். அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமே 2000ல் அந்தப் பழிக்கு ஆதாரமான ஆய்வை மறுபடி பார்த்து, பூசணம்தான் காரணம் என்று நிரூபணமாகவில்லை என்று சொல்லிவிட்டது. அந்த வகைக்கு நாள்கணக்கில் ஊறிய காகிதமும் அட்டையும் வேண்டும். நம் சிமெண்ட் பூச்சில் அது அபூர்வம், புது அபார்ட்மெண்டுகளின் ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் நனைந்தால் வரலாம். ஆனால் எந்த நிறமானாலும் பூசணமும் ஈரமும் உள்ள வீட்டில் இழுப்பும் மூச்சுத் தொல்லையும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009லேயே எழுதியிருக்கிறது. பெயர் தெரியாவிட்டாலும் ஒழிக்க வேண்டியதுதான்.

2021ல் கொரோனாவோடு 'கருப்புப் பூஞ்சை' வந்து தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆனபோது, வெங்காயத் தோலின் கறுப்பும் ஃபிரிட்ஜ் ரப்பரின் கறுப்பும்தான் அது என்று வாட்ஸ்அப்பில் பரவியது. இன்றும் குளியலறைச் சுவரைக் காட்டிப் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நோயைத் தருவது மியூக்கோர் இனப் பூஞ்சைகள். கட்டுப்படாத சர்க்கரையும் ஸ்டீராய்டும் உடம்பைப் பலவீனமாக்கிய இடத்தில் அது புகுந்தது. கறுத்துத் தெரிந்தது செத்துப்போன சதை. வெங்காயத்தில் இருப்பது வேறு இனம், தோலை உரித்துக் கழுவினால் போய்விடும். இதைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுங்கள். பயந்தவர்களிடம் பத்தாயிரம் ரூபாய்க்கு 'ஆன்டி ஃபங்கல் டிரீட்மெண்ட்' விற்பது நம் தொழிலுக்குச் செய்கிற துரோகம்.

10. எந்தச் சோதனையிலும் பிடிபடவில்லை என்றால் பென்சிலால் கறையைச் சுற்றிக் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். போனில் ஒரு படம் எடுங்கள். மழை பெய்த வாரத்துக்குப் பிறகு போய்ப் பாருங்கள். கோட்டைத் தாண்டியிருந்தால் வளர்கிறது. புகை தாண்டாது.

11. சமையலறைப் பொருளுக்கு என் சட்டம் வேறு. அங்கே சோதனையே வேண்டாம், சந்தேகம் வந்தால் கொட்டிவிடச் சொல்லுங்கள். பச்சை மஞ்சளாகப் பூத்த நிலக்கடலையையும் சோளத்தையும் கழுவி, வறுத்து, வெயிலில் போட்டுக் காப்பாற்றப் பார்ப்பார்கள். ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் விடுகிற அஃப்ளடாக்சின் சமையல் சூட்டில் அழியாது. 1974ல் ராஜஸ்தான், குஜராத் கிராமங்களில் மழையில் பூசணம் பிடித்த மக்காச்சோளம் சாப்பிட்டு நூறு பேருக்கு மேல் ஈரல் கெட்டுச் செத்தார்கள்.

12. பூசணம்தான் என்று உறுதியானால் முதலில் தண்ணீரை நிறுத்தவேண்டும், பிறகுதான் சுவர். மேலே பெயிண்ட் அடித்து மூடாதீர்கள், பெயிண்டோடு சேர்ந்து உரிந்து வரும். ஏறக்குறைய பத்து சதுர அடிக்குள் இருந்தால் வீட்டாரே சுத்தம் செய்துகொள்ளலாம் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை ஒரு அளவு வைத்திருக்கிறது. அது நமக்கும் பொருந்தும். டைல்ஸ், கண்ணாடி, எனாமல் பூசிய கதவு என்றால் சோப்புத் தண்ணீரில் தேய்த்துத் துடைத்துக் காயவைத்தால் போதும். ஊறிப்போன அட்டை, ஜிப்சம் போர்டு, இலவம்பஞ்சு மெத்தை இவற்றைக் காப்பாற்ற முயல வேண்டாம். வெள்ளமோ ஒழுகலோ வந்தால் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாளுக்குள் அறை காய்ந்துவிட வேண்டும். அதற்கு மேல் போனால் பூசணம் முளைக்கத் தொடங்கிவிடும்.

காய்ந்த பூசணத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற பையன்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு பதறுகிறது. வித்துகள் முழுவதும் அவன் மூச்சில் போகின்றன, மிச்சம் அந்த வீட்டுச் சோற்றிலும் படுக்கையிலும் இறங்குகிறது. முதலில் சோப்புத் தண்ணீர் தெளித்து நனையுங்கள், ஈரமாகவே சுரண்டுங்கள், சுரண்டியதைப் பிளாஸ்டிக் பையில் கட்டுங்கள். கைக்குட்டை கட்டினால் போதாது, என்95 மாஸ்க்கும் கண்ணாடியும் கையுறையும் வேண்டும். மேஸ்திரி வாங்கித் தராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

வேலையைத் தொடங்கும் முன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். இழுப்பு உள்ள குழந்தை, கர்ப்பிணி, வயசானவர், கீமோ எடுப்பவர், கிட்னி மாற்றியவர் யாராவது இருந்தால் அன்று அவர்கள் வேறு வீட்டில் இருக்கட்டும். அவர்கள் கிளம்பிப் போகிறவரை காத்திருங்கள். பிறகு உள்கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் ஈரத்துணி வைத்து, ஃபேனை நிறுத்தி, வெளி ஜன்னலைத் திறந்துவிட்டு ஸ்கிராப்பரை எடுங்கள்.